செஞ்சோற்றுக் கடனும் வாக்குச் சீட்டும்

செஞ்சோற்றுக் கடன் என்னும் தொடர் தமிழ் மக்களுக்கு நன்கு பழக்கமானது. தன்னை ஆதரித்த அரசனுக்காகப் போர்க்களத்திலே உயிரைக் கொடுத்து அக்கடனைத் தீர்த்தான் பண்டை வீரன். கன்னன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், இக்கடனுக்கு மறுபுறம் ஒன்று உண்டு. வீரன் தன் கடனைத் தீர்த்துவிட்டுக் கையிழந்தோ காலிழந்தோ வீடு திரும்பும்போது, அவனுக்கு நாடு பட்ட கடன் தொடங்குகின்றது. முன்னாளில், களத்தில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டினர்; அரசனது கொடையால் அவன் குடும்பம் வாழ்ந்தது. முடியாட்சியில் கணக்கு எளிது. கடன்பட்டவன் அரசன் ஒருவனே.

குடியாட்சியில் அவ்வாறன்று. போரிலிருந்து மீண்ட வீரனின் கையிலே வாக்குச் சீட்டு ஒன்றும் இருக்கின்றது. அவன் எந்த அபேட்சகரை ஆதரிக்கின்றான் என்பதை ஊரார் உற்று நோக்குகின்றனர். நாட்டுக்காகக் குருதி சிந்தியவன் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டென்பதை அறிந்த அபேட்சகர்களும் அவனைத் தேடி வருகின்றனர். கடனைத் தீர்க்க வந்தோம் என்று அவர்கள் கூறுகின்றனர். உண்மையிலே கடன் தீர்க்க வந்தவர் யார், விலை பேச வந்தவர் யார் என்று பிரித்தறிவது எளிதன்று.

இந்தச் சிக்கலை முழு அளவிலே கண்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை அங்கே வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அடிமை முறையை விடமனமில்லாத தென் மாநிலங்கள் ஐக்கியத்தை முறித்துக்கொண்டு வெளியேறின. ஐக்கியத்தைக் காக்க வட மாநிலங்கள் படை திரட்டின. வடபடையில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களுள் ஏறக்குறைய 3 இலட்சத்து 60 ஆயிரம் பேர் களத்திலும் நோயிலும் மாண்டனர். எஞ்சியோர் வீடு திரும்பியபோது, நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு பழைய போர்வீரன் இருந்தான். அவனைத் தவிர்த்து அங்கே அரசியல் நடத்த எவராலும் இயலவில்லை.

எனினும், கதை போருக்குப் பின் தொடங்கவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியது. 1864ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தல் வந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே தேர்தலை ஒத்திவைக்கலாமே என்று எண்ணுவோர் இருந்திருக்கலாம். ஆபிரகாம் லிங்கன் ஒத்திவைக்கவில்லை. அவரை எதிர்த்துச் சனநாயகக் கட்சி நிறுத்திய அபேட்சகர் சாதாரண அரசியல்வாதி அல்லர். அவர் சேனாதிபதி ஜோர்ஜ் மக்கிளெலன். வடபடையின் பெரும் பிரிவு ஒன்றைப் பயிற்றி உருவாக்கியவர் அவரே. படைவீரர் அவரைத் தந்தைபோல நேசித்தனர். செல்லப் பெயரிட்டு அழைத்தனர். 1862ஆம் ஆண்டு நவம்பரில் லிங்கன் அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது அப்படையினர் பலர் மனம் நொந்தனர். நேசித்த தளபதி ஒருபுறம், அவரை நீக்கிய சனாதிபதி மறுபுறம் என்றால், சிப்பாயின் வாக்கு எப்பக்கம் விழும் என்பதில் பலருக்கு ஐயம் இருந்திராது.

லிங்கனுக்கே நம்பிக்கை தளர்ந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 23ஆந் திகதி, தாம் தோற்கக்கூடும் என்றும், தோற்றால் புதிய சனாதிபதி பதவியேற்குமுன் அவரோடு ஒத்துழைத்து ஐக்கியத்தைக் காக்க முயல வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே இருப்பது யாதென்று காட்டாமலே தம் அமைச்சர்களிடம் கையொப்பம் பெற்றார். சில நாள்களில் சனநாயகக் கட்சி சிக்காகோ நகரில் கூடி, போர் தோல்வியுற்றதென்றும் சமாதானம் பேச வேண்டுமென்றும் தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. மக்கிளெலன் அவ்வாசகத்தை ஏற்க மறுத்தார். ஆனால் கட்சியின் அறிக்கை கட்சியின் அறிக்கைதானே. செப்டம்பர் தொடக்கத்தில் அற்லாண்டா நகர் வடபடையிடம் வீழ்ந்தது. காற்று திசை மாறியது.

இனி, களத்தில் உள்ள சிப்பாய் வாக்களிப்பது எங்ஙனம்? அதுவரை பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளன் தன் ஊருக்கு வந்தே வாக்களிக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் 19 வட மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின. சில மாநிலங்கள் பாசறையிலேயே வாக்குப் பெட்டி வைத்தன. நியூ யோர்க் மாநிலத்தார் வாக்கை உறையிலிட்டு முத்திரை வைத்து ஊருக்கு அனுப்ப, அங்கே உரியவர் அதனைப் பெட்டியில் இட்டனர். இந்தியானா போன்ற மாநிலங்கள் இவற்றுள் எதற்கும் இடங்கொடுக்கவில்லை. ஆகவே லிங்கன், அற்லாண்டாவைப் பிடித்த தளபதி ஷேர்மனுக்குக் கடிதம் எழுதி, இந்தியானா வீரர்களை அல்லது அவர்களுள் ஒரு பகுதியினரையேனும் மாநிலத் தேர்தலுக்காக ஊருக்கு அனுப்ப இயலுமா என்று கேட்டார். அக்கடிதத்தில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சனாதிபதித் தேர்தல் வரை அவர்கள் தங்க வேண்டியதில்லை, உடனே படைக்குத் திரும்பலாம் என்று அவர் எழுதினார். அது கட்டளையன்று என்றும் தெளிவுபடுத்தினார்.

நவம்பர் 8ஆந் திகதி முடிவு வெளிவந்தது. நாடு முழுவதிலும் லிங்கன் பெற்றது நூற்றுக்கு 55 பங்கு வாக்குகள். தனியாக எண்ணப்பட்ட படைவீரரின் வாக்குகளிலோ, நூற்றுக்கு 78 பங்கு அவருக்கு விழுந்தது. தம் அன்புக்குரிய சேனாதிபதியைவிட்டு, அவரைப் பதவி நீக்கிய மனிதரைச் சிப்பாய்கள் தெரிந்தனர். மக்கிளெலன் மூன்றே மூன்று மாநிலங்களில் வென்றார்.

இவ்வாக்குகள் யாவும் மாசற்றவை என்று கூறுதல் பொருந்தாது. சனநாயகக் கட்சியை வெளிப்படையாக ஆதரித்த அதிகாரிகள் சிலர் பதவி இழந்தனர். மேலதிகாரியின் கண்முன் மாறுபட்டு வாக்களிக்க அஞ்சியோரும், வாக்களிக்காமலே இருந்தோரும் உளர் என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும், அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் பெரும் உண்மை ஒன்று எஞ்சுகின்றது. லிங்கனுக்கு வாக்களிப்பது போரை நீட்டிப்பதாகும். போர் நீண்டால் சாகப்போகிறவர் அச்சிப்பாய்களே. தம் உயிருக்கு ஆபத்தான வாக்கைத் தாமே அளித்தனர். அந்த வாக்குக்கு எவரும் கூலி தரவில்லை. தருவதாகச் சொல்லவும் இல்லை. படைவீரன் ஓர் அபேட்சகரை ஆதரித்த வரலாற்றில் இதனினும் உயர்ந்த பக்கம் காண்பது அரிது.

போர் முடிந்தது; லிங்கன் கொலையுண்டார். அடுத்த ஆண்டே படைவீரரின் ஆதரவு சந்தைக்கு வரத் தொடங்கியது. 1866ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இரண்டு படைவீரர் மாநாடுகள் கூடின. கிளீவ்லாண்ட் நகரில் கூடியவர்கள் புதிய சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சனை ஆதரித்தனர். பிற்ஸ்பேர்க் நகரில் கூடியவர்கள் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியினரை ஆதரித்தனர். ஒரே படையில் ஒரே தட்டில் உண்டவர்கள், நாங்களே உண்மையான வீரரின் குரல் என்று இருபுறமும் நின்று முழங்கினர்.

அதே ஆண்டு ஏப்பிரல் மாதம் 6ஆந் திகதி, இல்லினோய்ஸ் மாநிலத்து டிக்கேற்றர் என்னும் ஊரில், பெஞ்சமின் ஸ்டீவன்சன் என்னும் முன்னாள் படை வைத்தியர் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். குடியரசின் பெரும்படை என்பது அதன் பெயர். ஊர்தோறும் கிளை, மாநிலந்தோறும் தலைமையகம், ஆண்டுதோறும் பாசறை என்ற பெயரில் மாநாடு என அது வளர்ந்தது. நலிந்த தோழனுக்கு உதவி, மாண்டவனின் மனைவிக்கும் மக்களுக்கும் ஆதரவு, முதிய வீரர்க்கு இல்லம் ஆகிய நற்பணிகளை அச்சங்கம் செய்தது. 1868ஆம் ஆண்டு, அதன் தலைவராயிருந்த ஜோன் லோகன், மே மாதம் 30ஆந் திகதி மாண்ட வீரரின் கல்லறைகளில் மலர் தூவ வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். நடுகல்லுக்கு மாலை சூட்டிய மரபினர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். இன்று அமெரிக்கர் அனைவரும் நினைவு நாள் என்று கொண்டாடுவது அன்று தொடங்கியதே.

ஆனால் அந்த லோகன் குடியரசுக் கட்சியின் முன்னணித் தலைவரும் ஆவார். அதே 1868ஆம் ஆண்டு மே மாதத்தில், சிக்காகோ நகரில் குடியரசுக் கட்சி கூடுவதற்குச் சற்று முன்னர் அதே நகரில் படைவீரர் மாநாடு கூடி, சேனாதிபதி கிராண்டை சனாதிபதி அபேட்சகராக அறிவித்தது. கட்சி அதனை வழிமொழிந்தது என்றே சொல்லலாம். கிராண்ட் வென்றார். அவ்வெற்றியில், அண்மையில் விடுதலை பெற்ற கறுப்பு இனத்தவரின் வாக்குகளுக்கும் பெரும் பங்கு உண்டு. வடபடையில் ஏறக்குறைய ஒரு இலட்சத்து 80 ஆயிரம் கறுப்பு வீரர் பணியாற்றியிருந்தனர். நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவனுக்கு வாக்குரிமை இல்லையா என்னும் கேள்விக்கு விடை கூற இயலாமையும், 1870ஆம் ஆண்டில் இன வேற்றுமையின்றி வாக்குரிமை வழங்கிய அரசியல் திருத்தத்துக்கு ஒரு காரணமாயிற்று.

சங்கத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தலாகாது என்று அதன் விதிகளிலே எழுதப்பட்டிருந்தது. விதி ஏட்டில் இருந்தது, வழக்கம் வேறாயிருந்தது. அச்சங்கத்துப் பெயரின் முதலெழுத்துகளை எதிர்க்கட்சியார் வேறுவிதமாக விரித்து, பெரும்பாலும் எல்லாரும் குடியரசுக் கட்சியாரே என்று எள்ளி நகையாடினர். 1868ஆம் ஆண்டு முதல் 1900ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த ஒன்பது சனாதிபதித் தேர்தல்களில், எட்டில் குடியரசுக் கட்சியின் அபேட்சகர் வடபடையில் பணியாற்றியவரே. கிராண்ட், ஹேஸ், கார்பீல்ட், ஹரிசன், மெக்கின்லி ஆகியோர் அவ்வரிசையில் வந்தவர். சுட்ட திசையிலேயே வாக்கும் இடுக என்பது மேடைகளில் ஒலித்த முழக்கம். குருதி தோய்ந்த சட்டையை ஆட்டுதல் என்று ஒரு தொடரே அரசியல் வழக்கில் ஏறியது. உன் தோழனைச் சுட்டவன் எக்கட்சியைச் சேர்ந்தவன் என்று கேட்டு, ஆறிய புண்ணைக் கிளறி வாக்குப் பெறுவதை அது குறிக்கும்.

சனநாயகக் கட்சியும் ஒருமுறை அந்த வழியை முயன்றது. 1880ஆம் ஆண்டில், கெற்றிஸ்பேர்க் போரிலே காயமுற்ற பெருந்தளபதி வின்பீல்ட் ஹான்கொக்கை அது நிறுத்தியது. அவரது வீரத்தை எவரும் மறுக்கவில்லை. நாடு முழுவதிலும் எண்ணிய வாக்குகளில் வேற்றுமை பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆயினும் வென்றவர் கார்பீல்ட். வீரனே எதிரே நின்றபோதும் முன்னாள் வீரர் பலர் கட்சியையே பார்த்தனர். அப்பொழுதே ஓர் உண்மை புலனாயிற்று. ஆதரவு இப்போது வீரத்துக்கு அன்று, கட்சிக்கு.

வடக்கே நிகழ்ந்தது இவ்வாறாக, தெற்கே படைவீரரின் ஆதரவு கொடிய உருவம் கொண்டது. 1876ஆம் ஆண்டு தென் கரோலினா மாநில ஆளுநர் பதவிக்கு, தென்படையின் குதிரைப்படைத் தளபதியாயிருந்த வேட் ஹாம்ரன் போட்டியிட்டார். அவரை ஆதரித்து, பழைய தென்படை வீரர் துப்பாக்கிச் சங்கங்களாகக் கூடிச் சிவப்புச் சட்டை அணிந்து குதிரைமீது அணிவகுத்தனர். கூட்டங்களைக் கலைத்தனர், கறுப்பு வாக்காளரை அச்சுறுத்தினர். அவ்வாண்டு யூலை மாதம் ஹாம்பேர்க் என்னும் ஊரில் கறுப்பு மக்கள் சிலர் கொல்லப்பட்டனர்; பிடிபட்டபின் சுடப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். எட்ஜ்பீல்ட் மாவட்டத்தில் எண்ணப்பட்ட வாக்குகள் அங்குள்ள வாக்காளரின் தொகையை மீறின. அடுத்த ஆண்டு ஹாம்ரன் ஆளுநராய் நிலைபெற்றார். அப்போது அம்மாநில அரசாங்கத்துக்குக் காவலாய் நின்ற மத்திய படையை விலக்கிக்கொண்டவர் சனாதிபதி ஹேஸ். அவர் வடபடையில் பலமுறை காயமுற்ற வீரர். தம்மோடு ஒரே கொடியின்கீழ்ப் போரிட்ட கறுப்பு வீரரின் வாக்குரிமை நசுங்குவதைத் தடுக்க அவர் கை எழவில்லை. சுட்ட திசையில் வாக்கிடுக என்று முழங்கிய கட்சி, அவ்வாறு வாக்கிட்டதற்காக அடிபட்டவனை மறந்தது.

இனி, வீரனுக்குரிய உபகாரச் சம்பளத்தின் கதைக்கு வரலாம். போரில் காயமுற்றவர்க்கும், மாண்டவரின் மனைவி மக்கட்கும் உதவிப்பணம் வழங்கும் சட்டம் 1862ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அது நீதியான சட்டம். 1879ஆம் ஆண்டு, பழைய நிலுவையையும் சேர்த்து வழங்கும் சட்டம் வந்தது. பின்னர், சட்டத்தின் கீழ் உரிமை நிறுவ இயலாதவர்கள் தத்தம் காங்கிரசு உறுப்பினரை அணுகினர். உறுப்பினர் அந்த ஒருவருக்கென்றே தனி மசோதா கொண்டுவந்தார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்கள் படித்துப் பாராமலே நிறைவேறின.

1885ஆம் ஆண்டு பதவியேற்ற குரோவர் கிளீவ்லாண்ட் அம்மசோதாக்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இரவிலே நெடுநேரம் விளக்கின்முன் இருந்து படித்தார். போருக்குப் பின் தேர்தலில் வென்று சனாதிபதியான முதற் சனநாயகக் கட்சியினர் அவர். அவர் போருக்குச் சென்றவர் அல்லர். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. உடன்பிறந்தார் இருவர் படையில் இருந்தனர். கட்டாயப் படைச் சட்டத்தின்கீழ் பெயர் வந்தபோது, சட்டம் அனுமதித்தபடி 150 டொலர் கொடுத்து வேறொருவரைத் தம் இடத்தில் அனுப்பினார். அன்று ஆயிரக்கணக்கானோர் செய்ததே அது. ஆனால் அரசியலில் அது மறக்கப்படவில்லை.

அவர் தம் முதற் பதவிக் காலத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட தனி உபகாரச் சம்பள மசோதாக்களை நிராகரித்தார். படையில் சேரப் போகும் வழியிலே குதிரையிலிருந்து விழுந்ததாகக் கூறியவரும் அவற்றுள் ஒன்றின் பயன் பெறவிருந்தார். அதே வேளையில், தமக்கு முன்னிருந்த எந்தச் சனாதிபதியையும்விடக் கூடுதலான தனி மசோதாக்களுக்கு அவர் கையொப்பமும் இட்டார். அதனை யாரும் மேடையில் கூறவில்லை. 1887ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி அவர் பெரியதொரு மசோதாவை நிராகரித்தார். மூன்று மாதம் படையிற் பணியாற்றி, பின்னர் உழைக்க இயலாது வறுமையுற்ற எவருக்கும், அவ்வியலாமை போரினால் வந்ததன்றாயினும், உதவிப்பணம் வழங்குவது அம்மசோதா. உண்மையிலே காயமுற்றவனின் மதிப்பு இதனாற் குறையும் என்பது அவர் வாதம். வறிய முதியவனை அவன் பணியாற்றிய நாடு தெருவில் விடலாமா என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் பேசும் காலமாக அது இருக்கவில்லை.

அவ்வாண்டு யூன் மாதம் தீயில் எண்ணெய் வார்த்ததுபோல் வேறொன்று நிகழ்ந்தது. போரில் கைப்பற்றப்பட்டுத் தலைநகரிற் கிடந்த தென்படைக் கொடிகளை அவ்வம்மாநிலங்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்று படைத் தலைமையகம் யோசனை கூற, கிளீவ்லாண்ட் அதற்கு இசைந்தார். பழைய வீரர் கொதித்தெழுந்தனர். பெரும்படைச் சங்கத்தின் தலைவர் லூசியஸ் பெயர்சைல்ட் கெற்றிஸ்பேர்க் களத்தில் ஒரு கையை இழந்தவர். அவர், அக்கட்டளையை எழுதிய கை முடமாகுக என்னும் பொருள்பட மேடையில் சபித்தார். கையிழந்தவன் வாயிலிருந்து அச்சொல் வந்தபோது அதன் வேகம் எத்தகையதாயிருக்கும்! சில நாள்களில் கட்டளை திரும்பப் பெறப்பட்டது. சென் லூயிஸ் நகரில் நடக்கவிருந்த படைவீரர் மாநாட்டுக்குச் செல்வதையும் சனாதிபதி கைவிட்டார். நாட்டின் தலைவர் தம் நாட்டு வீரரின் கூட்டத்துக்குச் செல்ல இயலாத நிலை உண்டாயிற்று.

1888ஆம் ஆண்டுத் தேர்தலில் கிளீவ்லாண்டை எதிர்த்தவர் பெஞ்சமின் ஹரிசன். இந்தியானா மாநிலத்து 70ஆம் படைப்பிரிவின் தலைவராகப் போரிட்டவர் அவர். அத்தேர்தலின் தலையாய பிரச்சினை இறக்குமதித் தீர்வை. எனினும் படைவீரரின் சினமும் தன் வேலையைச் செய்தது. நாடு முழுவதும் எண்ணியதில் கிளீவ்லாண்ட் ஏறக்குறைய 90 ஆயிரம் வாக்குகள் முன்நின்றார். ஆனால் நியூ யோர்க்கை 14 ஆயிரம் வாக்குகளாலும், இந்தியானாவை இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளாலும் ஹரிசன் கைப்பற்றினார். தேர்வாளர் வாக்கில் 233க்கு 168 என்று வென்றார். இத்துணைச் சிறு வேற்றுமையில் முன்னாள் வீரரின் வாக்கு எவ்வளவு பெரிதென்பது சொல்லாமலே விளங்கும்.

கணக்குத் தீர்க்கும் வேளை வந்தது. ஹரிசன், ஜேம்ஸ் ரானர் என்பவரை உபகாரச் சம்பள ஆணையாளராக்கினார். 1862ஆம் ஆண்டுப் போரில் இரு கால்களையும் இழந்தவர் அவர். லிங்கன் உயிர் பிரிந்த இரவில் சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எழுதியவரும் அவரே. அவர் பட்ட துன்பம் உண்மை. தோழர்பால் கொண்ட பரிவும் உண்மை. ஆனால் திறைசேரியின் கதவை அவர் முழுதும் திறந்துவிட முனைந்தார். கேளாதவர்க்கும் தொகையை உயர்த்தினார். ஆறு மாதத்தில் அவரைப் பதவியிலிருந்து விலகச் செய்ய வேண்டியதாயிற்று. 1890ஆம் ஆண்டு யூன் மாதம், கிளீவ்லாண்ட் நிராகரித்த மசோதாவை ஒத்த சட்டம் நிறைவேறியது. தொண்ணூறு நாள் பணியாற்றி, உடலுழைப்புக்கு இயலாத வீரனுக்கு மாதம் 6 முதல் 12 டொலர் வரை கிடைத்தது. 1893ஆம் ஆண்டளவில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் பெற்றனர். மத்திய அரசாங்கத்தின் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே சென்றது.

இதனை வெறும் இலஞ்சம் என்று ஒதுக்குவது பிழை. பல்லாயிரம் முதியவரும் விதவைகளும் அப்பணத்தால் உண்டு உடுத்து மானத்தோடு வாழ்ந்தனர். தொழிலாளர்க்கோ முதியோர்க்கோ வேறு உதவி எதுவும் இல்லாத நாட்டில் அது பெரிய அறம். ஆனால் அவ்வறத்தின் எல்லை எது? அதே போரில் தென்புறம் நின்று முடமானவனுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அது போரின் விளைவு என்று விடலாம். கறுப்பு வீரனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் அடிமையாய்ப் பிறந்தவனிடம் பிறப்புப் பத்திரமும் திருமணப் பத்திரமும் கேட்டபோது அவன் எங்கே போவான்? அவன் விதவை யாரிடம் போவாள்? வாக்கு உள்ள இடத்துக்கு விரைந்து சென்ற அறம், வாக்குப் பறிக்கப்பட்ட இடத்துக்குத் தயங்கித் தயங்கியே சென்றது.

இவ்வளவு செய்தும், 1892ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹரிசன் தோற்றார். மீண்டும் வந்தவர் கிளீவ்லாண்டே. பணத்தால் ஆதரவைக் கட்டி வைக்கலாம் என்று எண்ணியவர்க்கு அது நல்ல பாடம்.

கடைசிப் பெரிய அணிவகுப்பு 1896ஆம் ஆண்டு நடந்தது. குடியரசுக் கட்சியின் மெக்கின்லி, போரில் மேஜர் பதவி வரை உயர்ந்தவர். எதிரே நின்ற பிறையன் 36 வயது இளைஞர். போர் முடிந்தபோது அவர் ஐந்து வயதுப் பாலகர். மெக்கின்லியை ஆதரித்து முதிய தளபதிகள் சிலர் ஒரு தனிப் புகையிரதத்தில் ஊர் ஊராகச் சென்றனர். கெற்றிஸ்பேர்க்கில் ஒரு காலை இழந்த சிக்கிள்ஸ், வலக்கையை இழந்த ஹவாட், இரு கால்களும் இழந்த அந்த ரானர் ஆகியோர் அதிற் சென்றனர். அவர்கள் பேசியது ஐக்கியத்தைப் பற்றியோ அடிமை ஒழிப்பைப் பற்றியோ அன்று. நாணயம் தங்கத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டுமா, வெள்ளியையும் சேர்க்க வேண்டுமா என்னும் வழக்கில் தங்கத்தின் பக்கம் பேசினர். அதே தேர்தலில் வேறொரு காட்சியும் இருந்தது. தங்க நாணயத்தை ஆதரித்துப் பிரிந்து நின்ற சிறு கட்சி, வடபடைத் தளபதி பால்மரைச் சனாதிபதிக்கும், தென்படைத் தளபதி பக்னரைத் துணைச் சனாதிபதிக்கும் நிறுத்தியது. முன்னாட் பகைவர் இருவர் ஒரே மேடையில் அமர்ந்த காட்சி அழகியது. ஆனால் நூற்றுக்கு ஒருவரே அவர்களுக்கு வாக்களித்தனர்.

போரில் காலை இழந்தவனுக்கு நாணய முறையைப் பற்றிப் பேசும் உரிமை எவருக்கும் உள்ளதுபோல் உண்டு; மிகையாக இல்லை. அவன் ஊன்றுகோலைக் கண்டு மக்கள் அவன் கணக்கை ஏற்பார்களாயின், அவனையும் மதித்தவராகார், கணக்கையும் அறிந்தவராகார்.

1905ஆம் ஆண்டு, அன்று பெரும் புயலைக் கிளப்பிய அக்கொடிகளைத் திருப்பிக் கொடுக்கக் காங்கிரசு தீர்மானித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது குடியரசுக் கட்சி. எவரும் சபிக்கவில்லை. கொடியும் அதே கொடி. செயலும் அதே செயல். பதினெட்டு ஆண்டுகள் சினத்தைத் தணித்திருக்கலாம். செய்தவர் எக்கட்சியார் என்பதும் தணித்திருக்கலாம்.

குடியரசின் பெரும்படைச் சங்கம் 1890ஆம் ஆண்டில் 4 இலட்சம் உறுப்பினரைக் கொண்டிருந்தது. அதன் கடைசி உறுப்பினராகிய அல்பேட் வூல்சன், சிறுவனாய்ப் படையிற் சேர்ந்து முரசறைந்தவர், 1956ஆம் ஆண்டில் காலமானார். அவரோடு சங்கமும் முடிந்தது.

வழக்கம் முடியவில்லை. 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் வியட்நாம் போரில் ஆற்றுப் படகிற் பணியாற்றிய ஜோன் கெரியை அவர் படகுத் தோழர் சிலர் ஆதரித்து மேடையேற, அதே வகைப் படகுகளிற் பணியாற்றிய வேறு சிலர் அவர் பெற்ற பதக்கங்களையே ஐயுற்று விளம்பரம் செய்தனர். 2016ஆம் ஆண்டில் இரு கட்சி மாநாடுகளிலும் இளைப்பாறிய தளபதிகள் தோன்றி முழங்கினர். முப்படைத் தளபதிகளின் கூட்டுச் சபைக்கு முன்னர்த் தலைவராயிருந்த மாட்டின் டெம்ப்சி அதனைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். குடிமகனாக வாக்களிப்பதும் தாமே தேர்தலில் நிற்பதும் தளபதிக்குத் தகும். படையின் மதிப்பை ஒரு கட்சிக்குத் தூக்கிக் கொடுப்பது தகாது என்பது அவர் கருத்தின் சாரம். 1868ஆம் ஆண்டு சங்க விதியில் எழுதிய எழுத்தும் ஏறக்குறைய அதுவே.

ஆகவே, முன்னாள் வீரன் அரசியலில் வாய் திறவாதிருக்க வேண்டும் என்பதன்று முடிவு. 1864ஆம் ஆண்டு பாசறையில் வாக்களித்தவனும் வீரன்தான். அவன் தன் தளபதியை நேசித்தான். ஆயினும் தளபதியின் பின்னே சென்ற கட்சி எதைச் செய்யும் என்று ஆராய்ந்தான். தனக்கு வரும் நட்டத்தையும் அறிந்தே முடிவு செய்தான். அவன் வாக்கு எடை பெற்றது அவன் சீருடையினால் அன்று; அவன் சிந்தனையினால். பிற்காலத்தில் ஆதரவு அணியாகத் திரண்டு அணியாகவே விலைபோயிற்று. விலை கொடுத்தவர் கட்சிக்காரர். பணமோ திறைசேரிப் பணம்.

வீரனுக்கு நாடு பட்ட கடன் முழு நாட்டின் கடன். அவன் வாக்களித்த கட்சி வென்றாலும் தோற்றாலும், அவன் வாக்களிக்காமலே இருந்தாலும், அக்கடன் தீர்க்கப்படல் வேண்டும். கடனைத் தீர்க்கின்றோம், எமக்கு வாக்களி என்று ஓர் அபேட்சகர் கூறுவாராயின், அவர் கொடுப்பது தம் கைப்பொருள் அன்று என்பதை வீரனும் உணர்தல் வேண்டும்; கேட்கும் மக்களும் உணர்தல் வேண்டும். மே மாதம் 30ஆந் திகதி அவ்வீரரின் கல்லறைகளில் மலர் தூவியவர்கள், அங்கே உறங்குகிறவன் எக்கட்சிக்கு வாக்களித்தான் என்று கேட்டுத் தூவவில்லை. நடுகல்லில் எழுதப்படுவது வீரன் பெயர் ஒன்றே.